சாயாத வண்டி

லார்ன் துறைமுகத்தில் மாலைக் கப்பல் ஊதும்போது
நான்காவது முறையாக அளந்துகொண்டிருந்தேன்.
ஒரு விரற்கடை.
ஸ்டீயரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
ஒரே ஒரு விரற்கடை இடிக்கிறது.

சதுரக் குழாய்களை அறுத்து அறுத்து ஒட்டிய சேஸி.
இரண்டு குளிர்காலம் தின்றுவிட்டு
இன்னும் பசி அடங்காமல் கேரேஜில் நிற்கிறது.
பகலெல்லாம் ரொட்டி வேன் ஓட்டுபவன்
மிச்சமிருக்கும் இரவில் செய்த கார்.
கதவு கிடையாது. கூரை கிடையாது.
"மூளையும்" என்று ஊனா சேர்த்துக்கொள்வாள்,
தேநீர்க் கோப்பையை வெல்டிங் மேசையில் வைத்தபடி.

இன்ஜின் ப்ரோனாவுடையது.
கிளெனார்ம் போகும் வழியில், கடலோரச் சுவரில்,
அவள் பைக் மோதிய அன்று
சக்கரம் போயிற்று, டேங்க் போயிற்று,
அவளுடைய இடது கை
தோளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.
இன்ஜினுக்கு ஒரு கீறல்தான்.
"முந்நூறு பவுண்டு" என்றாள்.
"ஒரு பவுண்டு கூடக் கொடுத்தாலும் கோபம் வரும்."

சங்கிலி ஓடிய இடத்தில் நீளமான தண்டு வைத்தேன்.
பெட்ரோல் ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.

மூன்று ஞாயிறுகள்
ஒயர்க் கற்றையைச் சிக்கெடுத்தேன்.
பைக்கின் ஸ்டாண்டு இன்னும் கீழே இருப்பதாக
அது நம்பிக்கொண்டிருந்தது. எந்த ஸ்டாண்டு?
இரண்டு ஒயர்களை முறுக்கி ஒரு பொய் சொன்னேன்.
அதை நம்பியது. ஆனாலும் உயிர் வரவில்லை.

ப்ரோனா வந்து பார்த்தாள். குனிந்தாள்.
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி,
இடம் போதாமல் நான் படுக்கவைத்துத் திருகியது.
"இது விழுந்ததைச் சொல்லும் பெட்டி" என்றாள்.
"இன்னும் ரோட்டில் கிடப்பதாக நினைக்கிறது."
வலது கையால் திருகைக் கழற்றி
அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.
"இப்போ."

பதினோராயிரம் சுற்றுக்கு ஏறிய சத்தத்தில்
அலமாரியிலிருந்து ஆணி டப்பா குதித்தது.
பக்கத்து வீட்டு ஹாஸ்லெட் வேலிமேல் தலை நீட்டி
குளவி வளர்க்கிறாயா என்று கேட்டார்.

போகும்போது ப்ரோனா சொன்னாள்:
"பைக் வளைவில் சாயும். ஆயிலும் கூடவே சாயும்,
அடியிலேயே இருக்கும்.
உன் கார் சாயாது.
வளைவில் ஆயில் சுவரேறும்,
பம்ப் காற்றைக் குடிக்கும்,
பேரிங் உருகிவிடும். யோசி."
யோசித்தேன். ஆயில் தொட்டியைக் கழற்றி
உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தேன்.

மே மாதம். நம்பர் பலகை புதிது.
கேட்காமலே வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள்.
தன் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்,
கூட வந்த யாரோ ஒருவருடையதைப்போல.
வலப்புறம் கடல்.
உப்பும் பெட்ரோலும் கலந்து அடித்தது முகத்தில்.

முதல் வலது வளைவில்
அவள் தோள் வந்து என் தோளில் இடித்தது.
வளைவின் விசை அவளை வெளியே தள்ள வேண்டும்.
அவளோ உள்ளே சாய்ந்துகொண்டிருந்தாள்,
முழங்காலைக்கூடச் சற்று விரித்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"அந்தச் சுவரில் நிறுத்து" என்றாள். காற்றில் தாமதமாகக் கேட்டது.
தாண்டிவிட்டோம், ஐம்பது கெஜம்.
ரிவர்ஸ் கிடையாது.
பின்னால் போக வேண்டிய தேவை
பைக்குக்கு எப்போது இருந்தது?

இறங்கினோம். மூக்கில் கைவைத்துத் தள்ளினோம்,
என் இரண்டு, அவளுடைய ஒன்று.
ஒரு செம்மறி ஆட்டு லாரி காத்திருந்து,
ஹாரன் அடித்து, பிறகு சிரித்துக்கொண்டு போனது.

சுவரில் புது சிமெண்ட்.
அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நன்றாகத்தான் பூசியிருக்கிறார்கள்" என்றாள்.
பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்ட
நான் குனிந்தபோது கேட்டாள்:
"தகடு எத்தனை வைத்தாய்?"
"நான்கு."
"போதாது."